ராக்காயி வைத்த ஐஸ் ஒத்தடம்

ராக்காயியின் காளை கருப்பன் தன்னை முட்டித் தள்ளியதாகத்தான் விக்ரம் ஊரெல்லாம் சொல்லியிருந்தான். உண்மையில், ஜல்லிக்கட்டில் அது வாடிவாசலில் தலையைக் காட்டியதுமே இவன் தடுப்பில் ஏறித் தப்பப் பார்த்து, வழுக்கி விழுந்ததில் வீங்கிய கணுக்கால் அது.

மறுநாள் காலையில் தூக்குவாளி நிறைய ஐஸோடு ராக்காயியே வந்துவிட்டாள். ஐஸைத் துண்டில் சுற்றி, தரையில் உட்கார்ந்து, அவன் காலை மடியில் வைத்து ஒத்தடம் கொடுத்தாள். மூத்தவள் காலைத் தொடுகிறாளே என்று கூசிப்போய் இழுத்தான். அவள் விடவில்லை.

"கருப்பனை வித்துறப்போறேன் தம்பி. மத்தியானம் யாவாரி வாரான். புள்ளையாட்டம் வளத்தேன், ஆனா ஊராம்புள்ளைய முடமாக்குற மாடு எனக்கு எதுக்கு?"

விக்ரம் உண்மையைச் சொல்லிவிட வாயைத் திறந்தான்.

"இன்னும் வலிக்குதா?" என்று கேட்டாள்.

"இல்லக்கா," என்றுதான் வந்தது.