அசில்குல் எந்தக் கடையில் வாங்குவாள்

1

இது கட்டுரையாகத் தொடங்கியது. எங்கள் மலையூர் கராகோலில் நல்ல சைக்கிள் கடையைக் கண்டுபிடிப்பது எப்படி என்று உள்ளூர்ப் பத்திரிகைக்கு ஒரு பக்கம் எழுதித் தர ஒப்புக்கொண்டிருந்தேன். இரண்டு பத்தி போனதும் அடுத்த வீட்டு அசில்குல் நினைவுக்கு வந்தாள். அதற்கப்புறம் கட்டுரை நகரவில்லை.

2

("மலையில் பனி உருகத் தொடங்கிய ஒரு காலையில்..." வேண்டாம். பனி உருகியதற்கும் சுயுன் செத்ததற்கும் சம்பந்தமில்லை.)

சுயுன் அசில்குலின் கணவன். அவள் அடுப்பில் சுட்ட ரொட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு உணவகங்களுக்குப் போடுவான். போன வருடம் ஓர் இறக்கத்தில் சைக்கிளின் முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் முறிந்தது. ரொட்டியெல்லாம் ரோட்டில் சிதற, அவன் தலை

இந்த வாக்கியத்தை முடிக்க எனக்கு மனமில்லை.

அதற்குச் சில நாள் முன்புதான் சந்தை வாசலில் தொல்குன் கடையில் சைக்கிளைச் சர்வீஸுக்கு விட்டிருந்தான். ஃபோர்க்கின் விரிசலைப் பற்றவைத்து, மேலே கறுப்புப் பெயிண்ட் அடித்து, "இனி பத்து வருசம் ஓடும்ணே" என்று தேநீரும் கொடுத்து அனுப்பியவன் தொல்குன். முதலில் அவனை வில்லனாகத்தான் எழுதினேன். சரிவரவில்லை. சாவு வீட்டு வாசலில் கூடாரம் கட்டியவனும் அவன்தான். யாரைவிடவும் அதிகமாக அழுதவனும் அவன்தான்.

3

இந்த இலையுதிர்காலத்தில் அசில்குலின் மகள் ஐதுர்கானுக்கு நர்ஸ் படிப்பில் இடம் கிடைத்தது. கல்லூரி ஊரின் மறுகோடியில். அசில்குல், ஸெய்னெப்பின் சைக்கிள் கடைக்குப் போனாள். ஊரே வாய்க்குப் பயந்து ஒதுங்கும் பொம்பளை ஸெய்னெப்.

"பொண்ணுக்கு ஒரு சைக்கிள் வேணும்க்கா."

ஸெய்னெப் கையிலிருந்த சங்கிலியைக் கீழே வைத்தாள். "நீ சுயுன் பொண்டாட்டிதானே?"

"அவர உங்களுக்குத் தெரியுமா?"

"மொதல்ல இங்கதான் வந்தாரு. ஃபோர்க் போச்சு, புதுசுதான் மாட்டணும்னேன். காசு புடுங்கப் பாக்குறியான்னாரு. சாகணும்னா வேற கடைக்குப் போய்ச் சாவுய்யான்னு கத்தி விட்டுட்டேன்."

"அப்படியேவா சொன்னீங்க?"

"அப்படியேதான்."

அசில்குல் அருகிலிருந்த சைக்கிளின் ஃபோர்க்கைத் தடவினாள். "கொஞ்சம் தன்மையா சொல்லியிருந்தா கேட்டிருப்பாரேக்கா."

"தெரியும்." ஸெய்னெப் கையைத் துணியில் அழுத்தித் துடைத்தாள். "பொண்ணக் கூட்டிட்டு வா. ஆள் உயரம் பாக்காம நான் விக்கிறதில்ல."

(உயரம் பார்க்காமல் விற்காத கடைதான் நல்ல கடை. கட்டுரைக்கு இந்த ஒரு வரி போதும். கதைக்குப் போதவில்லை.)

4

ஒரு முடிவில் ஸெய்னெப்பை அழவைத்தேன். அந்தப் பத்தியை அடித்துவிட்டேன், அவள் அழுகிற ஆளில்லை. இன்னொன்றில் அசில்குல் போய்த் தொல்குன் கடையின் கண்ணாடியை உடைத்தாள். அதுவும் பொய். இப்போதும் அவள் வீட்டுக்கு விறகு பிளந்து போடுகிறவன் அவன். அவள் வேண்டாம் என்பதில்லை. மூன்றாவதில் ஐதுர்கான் பனியில் கல்லூரிக்கு நடந்தே

நடந்தது இவ்வளவுதான்: அசில்குல் வெறுங்கையோடு திரும்பி, நேரே என் வாசலுக்கு வந்தாள்.

"சைக்கிள் கட பத்தி எழுதறீங்களாமே. சொல்லுங்கண்ணே. ஒருத்தன் இனிக்க இனிக்கப் பேசிக் கொன்னான். ஒருத்தி உண்மையச் சொல்லி வெரட்டினா. எம் பொண்ண நான் யாரு கடைக்குக் கூட்டிட்டுப் போக?"

பக்கத்து வீட்டுக்குள்ளிருந்து ஐதுர்கானின் குரல் கேட்டது. "அம்மா, வாங்கிட்டியா?"

அசில்குல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். எனக்குத் தெரியவில்லை. நீங்கள் சொல்லுங்கள், அவளிடம் சொல்கிறேன்.