இரண்டு அங்குலத் தண்ணீர்

போன் அடித்ததும் எடுத்துப் பார்த்த ஒழுகல்காரர், அதைத் திரை கீழே இருக்கும்படி மேசையில் கவிழ்த்து வைத்தார். அது நடுங்கிக்கொண்டே நகர்ந்து சர்க்கரை டப்பாவில் முட்டி நின்றது. அவருடைய மனைவி முப்பத்தொரு வருடம் மருத்துவமனையில் நர்ஸாக இருந்து, பதினைந்து நாளைக்கு முன்னால்தான் ஓய்வு பெற்றவள். அடிக்கிற எதையும் அடிக்க விட்டுவிட்டு உட்கார்ந்திருப்பது அவளுக்குப் பழக்கமில்லை. எடுத்துக் காதில் வைத்தாள்.

"ஒழுகல்காரர் இருக்காரா?"

"அவர் வீட்டுக்காரி பேசறேங்க."

"நாலாவது மாடி தையல்காரின்னு சொல்லுங்க, தெரியும். மறுபடி ஒழுகுது. அவருக்கு அப்புறம் மூணு பேர் வந்து பூசிட்டுப் போயாச்சு. அவங்களைப் பார்த்தப்புறம் இவரே தேவலைன்னு தோணிடுச்சு."

போனை வைத்துவிட்டு, "உங்களைப் பாராட்டறாங்க" என்றாள். அவர் தட்டிலிருந்து தலையை எடுக்கவில்லை.

ஒழுகல்காரர் என்பது ஊர் வைத்த பெயர். மொட்டைமாடி, குளியலறை, கார் நிறுத்தும் கீழ்த்தளம் என்று கான்கிரீட்டில் தண்ணீர் எங்கே வரக்கூடாதோ அங்கே வந்தால் அவரைக் கூப்பிடுவார்கள். நூற்றுக்கணக்கான கட்டிடங்களில் ஒழுகலை அடைத்திருக்கிறார். ஆனால் தையல்காரியின் கட்டிடம் இருக்கும் தெருவைத் தவிர்க்க மட்டும் ஆறு வருடமாகச் சுற்றுவழியில் போகிறார். அது முதலில் ஒரே கட்டிடமாக இருந்தது; பிறகு பக்கத்திலேயே இன்னொன்றை ஒட்டிக் கட்டினார்கள். வெயிலுக்கு விரியவும் குளிருக்குச் சுருங்கவும் இரண்டுக்கும் நடுவில் ஓர் அங்குல இடைவெளி விட்டிருந்தார்கள். அந்த இணைப்பைத்தான் அவர் அடைத்தார். மூன்று மாதம் தாங்கியது. அப்புறம் தையல்காரியின் ஜன்னலுக்கு நேர் மேலே சொட்டத் தொடங்கியது. திரும்பப் போய்ப் பார்த்தும் காரணம் பிடிபடவில்லை. அதிலிருந்துதான் அவருக்குக் கை கொஞ்சம் தளர்ந்தது. கூட இருந்த வேலையாளும் போன மாதம் வேறு வேலைக்குப் போய்விட, "போதும், விட்டுடலாம்" என்று இரண்டு மூன்று தடவை சொல்லியிருந்தார்.

"போகலாம். நானும் வரேன்" என்றாள்.

"நீ அங்க வந்து என்ன பண்ணுவ?"

"இங்க இருந்து என்ன பண்றேன்? மடிச்ச துணியையே பிரிச்சு மறுபடி மடிக்கிறேன்."

தையல்காரியின் அறைக்குள் நுழைந்ததுமே மனைவிக்கு மனசு கேட்கவில்லை. அந்த வீட்டில் நல்ல வெளிச்சம் வருகிற இடம் அந்த ஜன்னல் ஒன்றுதான். அதன் கீழே தையல் மெஷினுக்குப் பதிலாக ஒரு வாளி உட்கார்ந்திருந்தது. கூரையில் பழுப்பு விளிம்போடு ஈரம் படர்ந்திருக்க, அதன் அடியில் பிளாஸ்டிக் ஷீட்டைத் தூளி மாதிரிக் கட்டி, நடுவில் குழாய் செருகி வாளிக்குள் விட்டிருந்தது. மெஷின் சமையலறைக் கதவோரம் ஒண்டிக்கொண்டு இருந்தது. பட்டப்பகலில் விளக்கைப் போட்டுக்கொண்டு, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள் தையல்காரி. வாங்க என்று சொன்னாள். உட்காருங்க என்று சொல்லவில்லை.

அவர் அண்ணாந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வார்டில் புதிதாக வந்த நோயாளியிடம் கேட்பது போலத்தான் மனைவி தொடங்கினாள்.

"எப்பவெல்லாம் ஒழுகுது?"

"மழை பெஞ்சா ஒழுகும். வேற எப்ப ஒழுகும்?"

"பெய்யும்போதா, நின்ன அப்புறமா?"

தையல்காரி ஊசியைக் கீழே வைத்தாள். யாரும் இப்படிக் கேட்டதில்லை போலிருக்கிறது; கேட்ட தோரணையிலேயே நர்ஸ் என்றும் தெரிந்துகொண்டாள். "நின்ன அப்புறமும் ஒழுகும். இப்ப நீங்க கேட்டதும்தான் தோணுது சிஸ்டர், நல்ல வெயில் நாள்லயும் ஒழுகியிருக்கு. காலைல பத்து, பத்தரைக்கு."

"அதுக்கு முன்னாடி மேல என்ன நடக்கும்?"

"என்ன நடக்கும்? ஏழு மணிக்கு வாட்ச்மேன் மோட்டார் போடுவார். அவ்வளவுதான்."

ஒழுகல்காரர் கூரையிலிருந்து கண்ணை இறக்கி மனைவியைப் பார்த்தார். அடுத்த நிமிடம் படியேறிக்கொண்டிருந்தார். மூட்டு வலி என்று காலையில் சொன்னவர் அவர்தான்.

மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி இணைப்பிலிருந்து இருபதடி தள்ளி இருந்தது. தொட்டி நிரம்பினால் வழிகிற குழாய், தரை ஓடுகளுக்கு அடியில் புகுந்து வடிகாலுக்குப் போனது. உளியால் நாலு ஓடுகளைப் பெயர்த்ததும் குழாய் உடைந்து வாய் பிளந்து கிடப்பது தெரிந்தது. வழிந்த தண்ணீர் ஓட்டுக்கு அடியிலேயே ஊர்ந்து, சரிவு காட்டிய பக்கம் போய், இணைப்பில் இறங்கியிருக்கிறது. மழை பெய்தால் ஓடுகளின் இடுக்கில் இறங்குகிற தண்ணீருக்கும் அதே பாதை.

"ரெண்டு நிமிஷம்தான் சார் வழியும்" என்றார் சத்தம் கேட்டு வந்த வாட்ச்மேன். யோசித்துவிட்டு, "கண் அசந்துட்டா பத்து நிமிஷம்" என்று சேர்த்துக்கொண்டார்.

அப்புறம் அவரும் மனைவியுமாக இணைப்பைத் தோண்டினார்கள். முதலில் தார். அதற்கடியில் சிமெண்ட், விரிந்து சுருங்கி பிஸ்கட் மாதிரி உடைந்து வந்தது. அதற்கடியில் இன்னொரு தார், ஒரு பழைய கோணிச் சாக்கு. எல்லாவற்றுக்கும் கீழே சாம்பல் நிறத்தில், விரல் தடிமனில், அவர் ஆறு வருடத்துக்கு முன்னால் போட்டது. மனைவி அதன் நுனியைப் பிடித்து இழுத்தாள். ரப்பராக நீண்டு, விட்டதும் பட்டென்று திரும்பிப் போனது.

"இன்னும் உயிரோட இருக்கே" என்றாள்.

அவர் முகம் மலர்ந்தது. முழங்காலில் நகர்ந்து நகர்ந்து அதைத் தடவிக்கொண்டே போனவர், ஜன்னலுக்கு மேலே வரும் இடத்தில் நின்றார். அங்கே நாலடி நீளத்துக்கு ஒரு பக்கம் கான்கிரீட்டை விட்டுப் பிரிந்திருந்தது. விரலை உள்ளே விட்டுப் பார்த்தார். அதைப் போட்ட அன்றைக்குச் சாயங்காலம் மேகம் கூடிவந்ததும், விளிம்பு சரியாகக் காயாததும், "ஒட்டிக்கும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டதும் ஞாபகம் வந்தது. எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு கீழே போனார். மனைவியும் பின்னாலேயே போனாள்.

"குழாய் உடைஞ்சிருக்கு, அது நான் கவனிக்காதது" என்றார் தையல்காரியிடம். "நாலடி ஒட்டாம போயிருக்கு. அது நான் அவசரப்பட்டது. ரெண்டும் என் தப்புதான்மா."

தையல்காரி மெஷின் சக்கரத்தில் கை வைத்தபடி அவரைப் பார்த்தாள். "அடுத்து வந்த மூணு பேரும் அவங்களுக்கு முன்னால வந்தவனைத்தான் திட்டினாங்க. மொத ஆளு நீங்கங்கறதால திட்டறதுக்கு ஆள் கிடைக்கலையோ என்னவோ" என்றாள். பிறகு, "உட்காருங்க. டீ போடறேன்" என்று எழுந்தாள்.

வேலை நாலு நாள் நடந்தது. குழாயை மாற்றி ஓடுகளைப் பதித்தார்கள். இணைப்பில் பழசை எல்லாம் வழித்தெடுத்து, கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, ஊதுகுழலால் தூசியை ஊதினார்கள். ஒரு முழு நாள் வெயிலில் காயவிட்டார்கள். அவர் போதும் என்றபோதும் மனைவி வெள்ளைத் துணியால் விளிம்பை ஒற்றிப் பார்த்து, "இன்னும் காயலை" என்று தடுத்தாள். புண்ணைச் சுத்தம் செய்யாமல் கட்டுப் போட அவள் கை எந்நாளும் ஒத்துக்கொண்டதில்லை. அப்புறம் இடைவெளியை நிரப்பும் நுரைக் கயிற்றை உள்ளே அழுத்தி, அதன்மேல் புது ரப்பர்க் கலவையைப் பீச்சும் துப்பாக்கியால் இழுத்து விட்டார். மேலே நெகிழ்கிற பட்டையைத் தொய்வு வைத்து ஒட்டினார்.

கீழே கூரையில் மயிரிழை விரிசல்கள் இருந்தன. அவர் துளை போட்டுச் சின்னக் குழாய் மூக்குகளைப் பொருத்தித் தர, அவற்றின் வழியாகப் பிசினை ஏற்றும் பம்ப்பை மனைவி வாங்கிக்கொண்டாள்.

"மெதுவா அழுத்தணும். அவசரப்பட்டா வெளிய பீச்சிடும்" என்றார்.

"ஊசி போட எனக்கே சொல்லித் தரீங்களா?"

ஏணியில் ஏறி, முதல் மூக்கில் குழாயை மாட்டி, கைப்பிடியைப் பிடித்ததும் வாய் தானாகச் சொல்லிவிட்டது: "ஒண்ணும் இல்ல, லேசாத்தான் வலிக்கும்." சொன்ன பிறகுதான் கூரையிடம் சொன்னது உறைத்தது. ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த அவர் சிரிக்க ஆரம்பித்தார். ஏணி ஆடியது. தையல்காரி ஓடிவந்து இன்னொரு பக்கம் பிடித்தாள். பிடித்தவளும் சிரித்ததில் ஆட்டம் நிற்கவில்லை. "கூரைக்கு அடுத்து மாத்திரையும் எழுதிக் கொடுங்க சிஸ்டர்" என்றாள். மூக்கு ஒவ்வொன்றிலும் பிசின் ஏற, அடுத்த மூக்கில் ஒரு துளி எட்டிப் பார்த்தது. அதைப் பார்த்ததும் அடுத்ததற்கு நகரலாம் என்று மனைவிக்கே புரிந்தது. பதினொரு மூக்கு. ஒன்றிலும் பீச்சவில்லை. இந்த மனிதர் இத்தனை வருடம் சட்டையில் எதையோ அப்பிக்கொண்டு வந்ததைத் துவைத்திருக்கிறாளே தவிர, அது எதன் கறை என்று அவள் பார்த்தது இப்போதுதான்.

கடைசியில் சோதனை. மாடியின் வடிகால்களை அடைத்து, இரண்டு அங்குலத்துக்குத் தண்ணீர் நிரப்பி, இரண்டு நாள் நிறுத்தி வைக்க வேண்டும். முதல் நாள் அவர் மணிக்கொரு தடவை கீழே ஓடிக் கூரையைத் தடவிவிட்டு வந்தார். இரண்டாம் நாள் சனிக்கிழமை. மாடியில் குளம் கட்டியிருக்கிற செய்தி கட்டிடம் முழுக்கப் பரவிவிட்டது. பத்து மணிக்குள் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஆட்கள் நாற்காலியோடு வந்துவிட்டார்கள். வாட்ச்மேன் கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு, ஓடக்கூடாது என்று பிள்ளைகளை அதட்டிக்கொண்டே தானும் நடந்தார். வானம் முழுதும் தரையில் கிடந்தது. யாராவது காலை வைத்தால் மேகம் கலைந்து, எடுத்தால் மறுபடி கூடியது.

"பட்டை மேல மிதிக்காதீங்க" என்று கத்திக்கொண்டிருந்த ஒழுகல்காரர் திரும்பிப் பார்த்தபோது, மனைவி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடுக்குளத்தில் நின்றாள்.

"வாங்க, ஜில்லுன்னு இருக்கு."

"நான் கீழ ஒரு தடவை போய்ப் பார்த்துட்டு…"

"பார்த்துட்டுத்தான் வரேன்" என்றாள் படியில் ஏறிவந்த தையல்காரி. "எல்லாம் காய்ஞ்சுதான் கிடக்கு. இனிமே என் வீட்டுக் கூரையைச் சும்மா சும்மா தடவாதீங்க." படியிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு காலை வைத்துப் பார்த்து, இன்னொரு காலையும் வைத்தாள். ஆறு வருடமாகத் தலைமேல் நின்ற தண்ணீர் கணுக்காலுக்கு வந்ததும் அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

எந்த வீட்டுக் குழந்தையோ அவளுடைய ரப்பர் செருப்பில் ஒன்றை எடுத்துத் தண்ணீரில் விட்டது. அது மிதந்தது. காற்று அதைப் பழைய கட்டிடத்திலிருந்து மெல்லத் தள்ளிக்கொண்டு போனது. ஒழுகல்காரர் ஷூவைக் கையில் பிடித்தபடி, வெறுங்காலோடு, அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பட்டைக்கு மேலே வந்ததும் செருப்பு ஒரு சுற்றுச் சுற்றியது. அப்புறம் எந்த அவசரமும் இல்லாமல் புதுக் கட்டிடத்தின் பக்கம் போயிற்று.