ஐந்தாவது அறை

வெர்ன் டாக்கெட் நெல்டாவின் காலி ரிவால்வரைக் காதருகே பிடித்துக்கொண்டு, சுத்தியலைக் கட்டைவிரலால் மெல்ல மெல்லப் பின்னுக்கு இழுத்தார். டிக். இன்னொரு முறை. டிக். ஐந்தாவது முறை சத்தம் வரவில்லை.

"செத்துப்போச்சும்மா நெல்டா. அஞ்சாவது அறை பூட்டவே இல்ல."

நெல்டா ப்ரூவிட் தன் வண்டியின் பின்கதவை இறக்கி, அதன்மேல் உட்கார்ந்து காப்பியை ஊதிக்கொண்டிருந்தாள். அவள் மாவட்டச் சிறைக் காவலர். கென்டக்கி காவலர்களுக்கான மாநிலத் துப்பாக்கி சுடும் போட்டியில் ஐந்து வருடமாக இரண்டாவது இடம். ஐந்து வருடமும் முதலிடம் இந்த வெர்னுக்கு. இன்று கடைசிச் சுற்றுதான் பாக்கி. வெர்ன் இரண்டு புள்ளி முன்னால் இருந்தார்.

"எத்தன குண்டு சுட்டிருப்ப இதுல?"

"லட்சத்தத் தாண்டிருச்சு."

"நாப்பது வருஷத்துல என் பொண்டாட்டிக்கே முட்டி தேஞ்சிருச்சு. இரும்பு என்ன பண்ணும், பாவம்?"

"உங்ககூட இருந்தா எதுதான் தேயாது?"

வெர்ன் வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "என்கிட்ட இன்னொண்ணு இருக்கு, எடுத்துக்க. நெசமாத்தான் சொல்றேன். தோத்தாலும் நல்ல துப்பாக்கில தோத்த மாதிரி இருக்கட்டும்" என்றார்.

"பாக்கலாம்" என்றாள் நெல்டா.

அவர் போன பிறகு துப்பாக்கியை மடியில் வைத்து, ஆறு தோட்டா அறைகள் கொண்ட உருளையை விரலால் சுழற்றிப் பார்த்தாள். கோளாறு அவளுக்குப் புரியாததல்ல. உள்ளே விரல் நுனி அளவில் ஓர் இரும்புத் துண்டு உண்டு. அதுதான் உருளையை ஒவ்வொரு பல்லாகத் தள்ளி, அடுத்த அறையைக் குழலுக்கு நேராகக் கொண்டுவந்து நிறுத்தும். லட்சம் முறை தள்ளியதில் அதுவும் தேய்ந்திருக்கிறது, அந்த ஒரு பல்லும் தேய்ந்திருக்கிறது. மயிரிழை தூரம் குறைகிறது. ஆனாலும் நேற்று முழுவதும் கிட்டத்தில் நின்று வேகமாகச் சுட்டபோது ஒரு குண்டுகூடப் பிசகவில்லையே. அதுதான் அவளை உறுத்தியது.

எழுந்து பயிற்சி மேட்டுக்குப் போனாள். அந்த ஐந்தாவது அறைக்கு நேரே உருளையில் மையால் ஒரு புள்ளி வைத்தாள். முதல் ஆறு குண்டைச் சுத்தியலைக் கையால் இழுத்து வைத்துச் சுட்டாள். அடுத்த ஆறை விசையை மட்டும் ஒரே மூச்சில் அழுத்திச் சுட்டாள்; அந்த அழுத்திலேயே உருளை சுழன்று சுத்தியலும் எழுந்து விழும். மூன்றாவது ஆறில், சிலர் செய்வதுபோல் விசையைப் பாதியில் நிறுத்தி, குறியைச் சரிபார்த்து, மீதியை அழுத்தினாள்.

வெற்றுக் கூடுகளை மூன்று வரிசையாக அடுக்கி, அடிப்பக்கத்தில் ஊசி குத்திய குழிகளைப் பார்த்தாள். முதல் வரிசையில் ஐந்தாவது கூட்டில் குழி ஓரமாக விழுந்திருந்தது; அறை குழலுக்கு நேராக வந்து நிற்கவில்லை. மூன்றாவது வரிசையிலும் அப்படியே. நடு வரிசையில் ஆறு குழியும் மையத்தில் இருந்தன. இன்னும் இருபத்து நான்கு குண்டை ஒரே மூச்சில் சுட்டுப் பார்த்தாள். அத்தனையும் மையத்தில்.

வேகமாகச் சுழன்றால், குறைகிற அந்த மயிரிழையை உருளை தன் வேகத்திலேயே கடந்து பூட்டிக்கொள்கிறது. மெல்ல இழுத்தாலோ இடையில் நிறுத்தினாலோதான் பூட்டாமல் நிற்கிறது.

ஆனால் கடைசிச் சுற்று ஐம்பது கஜம். அவ்வளவு தூரத்தில் யாரும் சுத்தியலை இழுத்து வைக்காமல் சுடுவதில்லை. விசையை முழுக்க அழுத்தினால் கை ஆடும். கை ஆடினால் அந்தத் தூரத்தில் குண்டு எங்கோ போகும். நெல்டா எதையும் நின்று நிதானித்துச் செய்கிறவள். ஐந்து வருடமும் அவள் தோற்றது இதே ஐம்பது கஜத்தில்தான். குறி சரியாக இருக்கும்போதே இன்னும் கொஞ்சம் சரியாகட்டும் என்று காத்திருப்பாள். அந்தக் காத்திருப்பில் கை நடுங்கத் தொடங்கிவிடும்.

வெர்னிடம் போய், "என்னோடதையே வச்சுக்கறேன்" என்றாள்.

"உன் இஷ்டம். அழுதா கைக்குட்ட தரமாட்டேன்."

"உங்களுக்கே தேவப்படும், பத்திரமா வச்சிருங்க."

இருபத்து நான்கு குண்டு, ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் பத்துப் புள்ளி, இரண்டே முக்கால் நிமிடம். விசில் ஊதியதும் வரிசை நெடுகச் சுத்தியல்களை இழுக்கும் சத்தம் எழுந்தது. நெல்டா மரத்தூணில் மணிக்கட்டைச் சாய்த்தாள். துப்பாக்கியின் முன்குறி இலக்கின் கறுப்பில் வந்து உட்கார்ந்தது. இன்னும் கொஞ்சம் என்று மனம் கெஞ்சியது. விரல் கேட்கவில்லை. ஒரே அழுத்து. வெடித்தது. மறுபடி ஒரே அழுத்து. உருளையின் மைப்புள்ளியை அவள் பார்க்கவில்லை. எந்த அறை வந்தாலும் ஒன்றுதான், நிறுத்தக் கூடாது. வெற்றுக் கூடுகளைக் கொட்டி, தோட்டாக்களை நிரப்பி, தூணின் மறுபக்கம் சாய்ந்தாள். விரல் வளைவதும் வெடிப்பதும் தவிர உலகத்தில் வேறெதுவும் இல்லாதது போலிருந்தது. நடுங்குவதற்குக் கைக்கு நேரமே கிடைக்கவில்லை.

அவள் முடித்தபோது மற்றவர்களுக்கு ஆளுக்கு நாலைந்து குண்டு பாக்கி இருந்தது.

நடுவர் ஹோபர்ட் இலக்குத் தாள்களோடு வந்தார். "டாக்கெட், இருநூத்தி முப்பத்தஞ்சு." நெல்டாவின் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ஒருமுறை எண்ணினார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி எண்ணினார்.

"ப்ரூவிட், இருநூத்தி முப்பத்தொம்பது."

வரிசையில் யாரோ சீட்டியடித்தார்கள். இரண்டு புள்ளி பின்னால் இருந்தவள் இரண்டு புள்ளி முன்னால் நின்றாள். வெர்ன் தாளை வாங்கி, கறுப்பின் நடுவே குண்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிழித்திருந்த ஒரே பொத்தலைப் பார்த்தார். ஓரமாக ஒன்று மட்டும் தனியாக இருந்தது.

"அடிப்பாவி! ஒரு தடவகூடச் சுத்தியல இழுக்கலயே நீ. அதுவும் அம்பது கஜத்துல! எவளாவது இப்பிடிச் சுடுவாளா?"

"வேற மாதிரி சுட்டா அது ஒத்துக்காது வெர்ன். தேஞ்சுபோச்சு."

"தேஞ்ச துப்பாக்கியால என்னைத் தோக்கடிச்சேன்னு வெளிய சொல்லாத. மானம் போயிரும்."

"சனியன், அஞ்சு வருஷத்துக்கு முன்னாடியே தேஞ்சு தொலஞ்சிருக்கலாம்" என்றாள் நெல்டா. சொல்லிவிட்டு, மைதானத்தில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கும்படி வாய்விட்டுச் சிரித்தாள்.