பிட்டுக்கு ஒரு சாட்சி

காப்பி அடிப்பவர்களைப் பிடித்துக் கொடுக்க ஆசிரியர்கள் முன்வர வேண்டும் என்று கல்லூரி முதல்வர் கர்ணன் கூட்டம் போட்டுச் சொன்னார். வடையும் டீயும் கொடுத்தார். "யாரு வீட்டுப் பிள்ளைன்னு பாக்காதீக. தைரியமாப் புகார் குடுங்க, நான் இருக்கேன்" என்றார். வடை நன்றாக இருந்ததால் எல்லோரும் தலையாட்டினார்கள்.

தேனிப் பக்கத்துக் கல்லூரியில் யார் வீட்டுப் பிள்ளை என்று பார்க்காமல் பெயரைக்கூடக் கேட்க முடியாது. வருகைப் பதிவு எடுத்தாலே பாதிப் பேர் மாமன் மச்சான் ஆகிவிடுவார்கள். போடி பஜாரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் குடும்பத்து ஜெபஷீலாவுக்கு மட்டும் அங்கே சொந்தம் இல்லை. ஒப்பந்த ஆசிரியை வேலை, வருகிற ஜூனில் புதுப்பித்தாக வேண்டும். அவள்தான் பரீட்சையில் கோம்பை மாரிசெல்வத்திடம் பிட்டைப் பிடித்தாள்.

முதல் புகார் வந்த சந்தோஷத்தில் முதல்வர் எழுந்தே நின்றார். "கோம்பையில யாரு மகன்?" என்று கேட்டார். தவளை தன் வாயால் கெடும். பையன் அவருடைய சித்தப்பா மகள் பெற்ற பிள்ளை. உட்கார்ந்துகொண்டார்.

"பிட்டு எங்கன கிடந்துச்சோ, யாரு கண்டா? இன்னொருத்தர் பாத்திருக்கணும்ல. பொய்ப் புகார்னு ஆச்சுன்னா உங்க வேலைய நான் எப்பிடிம்மா புதுப்பிக்கிறது?"

அதே அறையில் மேற்பார்வை பார்த்த இன்னொரு ஆசிரியர் சுரேஷ்கண்ணனை வரவழைத்தார்கள். "நான் ஜன்னல்கிட்ட நின்னு மலையைப் பாத்துக்கிட்டிருந்தேன் சார்" என்றார் அவர். அந்த ஜன்னலிலிருந்து சைக்கிள் ஸ்டாண்டுதான் தெரியும். ஜெபஷீலாவுக்கு அழுகை முட்டியது. வேலை போவதைவிட, பொய்க்காரி என்று பெயர் வாங்கிப் போவதுதான் பொறுக்கவில்லை.

பையனைக் கூப்பிட்டார்கள். "ஏலே, பயப்படாமச் சொல்லு. உன்கிட்ட பிட்டு இருந்ததை வேற யாரும் பாக்கலைல?" என்று முதல்வர் பதிலையும் சேர்த்தே கேட்டார்.

மாரிசெல்வம் பரீட்சையில் எதுவும் செய்வான். ஆனால் மாமன் முறைக்காரர் நேருக்கு நேர் கேட்டால் பொய் சொல்ல மாட்டான். வீட்டில் அப்படி வளர்த்திருந்தார்கள்.

"இந்தச் சாரும் பாத்தாக மாமா. 'மிஸ் வாராக, உள்ள வையிலே'ன்னு அவுகதான் சொன்னாக. நான்தான் லேட் பண்ணிட்டேன்."

சுரேஷ்கண்ணன் தன் செருப்பைப் பார்த்தார். ஜெபஷீலா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சார், நான் இன்னொரு புகாரும் குடுக்கணும்" என்றாள்.