ஸ்தமாத்திஸின் வெயில்

“அப்பா, அந்த மாமாவுக்கு மட்டும் ஏன் வெயில் எறிக்குது?” என்று ஐந்து வயது செலீனா கேட்டது 1985 மார்ச்சில், டென்மார்க்கின் ஹேர்னிங்கில் பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வந்த தமிழர் எல்லோரும் பார்த்தார்கள். குடியிருப்பு முற்றத்தில் கதிரை போட்டிருந்த கிரேக்கர்மேல், ஒரு பாய் அகலத்துக்கு, நண்பகல் வெயில் விழுந்துகொண்டிருந்தது.

அவர் பெயர் ஸ்தமாத்திஸ், திரைப்பட இயக்குநர். கடற்பஞ்சு எடுக்கும் தீவொன்றில் பிறந்து, இருபத்தாறு வயதில் முதற்படம் எடுத்தார். இராணுவ ஆட்சி அதை எரித்தது. அவர் கப்பலேறிய அன்று ஊர் வெயிலில் ஒரு துண்டும் கூடவே ஏறிக்கொண்டது. டென்மார்க்கில் விளக்குச் செலவில்லாமல் நான்கு படங்கள் எடுத்தார். எல்லாக் கதையிலும் எந்நேரமும் நண்பகல்தான் என்று விமர்சகர்கள் சலித்துக்கொண்டதில் வாய்ப்புகள் குறைந்தன. நெசவாலைப் பெண்களைப் பற்றிய ஐந்தாவது படத்துக்காக ஹேர்னிங் வந்திருந்தார். தமிழ்ப் பெண்கள் அவரைச் சுற்றிப் பத்திரிகை விரித்து மோர்மிளகாய் காயப்போட்டார்கள். அது காயும்வரை அவர் தேநீருக்குக்கூட எழும்பாமல் இருந்து கொடுத்தார்.

செலீனாவின் தகப்பன் லோரன்ஸ் மன்னாரில் போட்டோ ஸ்ரூடியோ வைத்திருந்தவர். இங்கே ஆலையில் நூற்கட்டுச் சுமந்தார். “கமராவும் அவனுக்கு, வெயிலும் அவனுக்கு” என்று புகைந்தார். மனைவி விக்ரோரியா விடவில்லை. “உங்கட கமராவை விட இந்த மனுசன்ர வெயில் பிரியோசனமப்பா. மிளகாயை ஒருக்காப் பாருங்கோ!”

லோரன்ஸின் தொழிலைக் கேள்விப்பட்ட ஸ்தமாத்திஸ், பிலிம் டப்பாக்களை அவர் பொறுப்பில் விட்டார். அந்த நல்லெண்ணம் பொறாமையை ஊதிவிட்டது. கடைசிக் காட்சி எடுத்த மத்தியானம், ஆளில்லாத களஞ்சிய அறையில், லோரன்ஸ் அந்த டப்பாவைத் திறந்து, ஓர் ‘அருள் நிறைந்த மரியே’ செபம் சொல்லும் நேரம் வெளிச்சத்தில் வைத்து மூடினார். எடுத்த காட்சி முழுதும் அழிந்தது. அதைவிடப் பெரிய பாவம் படம் பிடிப்பவனுக்கு இல்லை.

தயாரிப்பாளர்கள் கோப்பன்ஹேகனிலிருந்து வந்து டப்பா காத்தவரைத் தேடினார்கள். “என் வெயில் பட்டுவிட்டது” என்றார் ஸ்தமாத்திஸ். நம்பாமலிருக்க வழியில்லை. படம் முடிவின்றி நின்றது. அதன்பின் அவருக்கு யாரும் படம் கொடுக்கவில்லை.

அடுத்த பெப்ரவரியில் அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, லோரன்ஸ் தெரிந்த டேனிஷில் உண்மையைச் சொன்னார். “தெரியும்” என்றார் ஸ்தமாத்திஸ். “அந்தக் கிழமை போட்ட மிளகாய் காய்ந்ததா?”

அடக்கம் நடந்த அன்று வெயில் லோரன்ஸின்மேல் வந்து நின்றது. விக்ரோரியா மிளகாயைப் புருஷனைச் சுற்றி விரிக்கப் பழகிக்கொண்டாள், ஊரும் பழகிக்கொண்டது. ஞாயிறுகளில் பூசை முடிந்ததும், நடந்துவிட்டு வருவதாகச் சொல்லி, மடக்குக் கதிரையோடு லோரன்ஸ் தனியே போவார். சேமக்காலையில் அந்நேரம் ஒருவரும் இருப்பதில்லை. ஸ்தமாத்திஸின் கல்லறைப் பக்கத்தில் கதிரையை விரித்து, மேலே கிடக்கும் பனி முழுதும் உருகிப் புல் காயும்வரை, எழும்பாமல் இருந்து கொடுப்பார்.