வாசலில் விழுந்தது

பி.ஏ. முடித்து ஒன்றரை வருஷம். போட்ட மனு எதற்கும் பதில் இல்லை. கூத்தாநல்லூரில் மூஸா பாய் வைத்திருந்த ஸ்டுடியோவில் ரசீது எழுதிக்கொண்டிருந்தேன். வாரக் கடைசியில் அவருடைய பழைய பெட்டிக் கேமராவை ஊருக்கு எடுத்துப் போவேன். கொடியில் காயும் சேலையின் நிழல், சாலையில் உருளும் வண்டிச் சக்கரத்தின் நிழல், களத்தில் தூற்றும் முறத்தின் நிழல் என்று எடுப்பேன்.

“ஏம்மா நீலா, மனுசங்களை விட்டுட்டு நிழலைப் புடிச்சிட்டு வர்றியே. நிழலு வந்து பிரிண்ட் கேக்குமா?” என்பார் பாய். கழுவிக் கொடுப்பார், திட்டிக்கொண்டே.

அந்தப் படங்களை வரிசையாகப் பரப்பியபோதுதான் கண்ணில் பட்டது. பெரிய தெருவில் சாயங்காலம் எடுத்த படங்களில் ஊரில் எல்லோருடைய நிழலும் இருந்தது. என் அம்மா ராசம்மாளுடையதும் எங்கள் தெருப் பெரியவர்களுடையதும் மட்டும் இல்லை. கேட்டதற்கு, “பொழுது சாயறப்போ நம்ம நிழலு பண்ணை வாசல்ல விழும்டி. நாங்க அந்த நேரத்துல அங்கிட்டுப் போறதில்ல” என்றாள், கீரை ஆய்ந்துகொண்டே. யாரும் இப்போது அப்படிச் சொல்வதில்லை. ஆட்சி மாறி, சுவரெல்லாம் சமத்துவம் எழுதியாயிற்று. அம்மாவின் கால்களுக்குத் தகவல் போகவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அப்பா இறந்த பிறகு, பண்ணை தியாகேசனின் மூன்று மா நிலத்தை அம்மாதான் குத்தகைக்குச் சாகுபடி செய்தாள். குத்தகைதாரர் பெயரைப் பதியச் சட்டம் வந்ததும் மனுக் கொடுத்தோம். பதிந்துவிட்டால் அவளை வெளியேற்ற முடியாது. விசாரணைக்கு வந்த தாசில்தார் எங்கே உட்கார்வார்? தியாகேசன் வீட்டு வாசலில்தான், காப்பியோடு. அதுதான் வழக்கம்.

அன்று சாயங்காலம் நான் கேமராவோடு பஸ்ஸை விட்டு இறங்கி ஓடி வந்தபோது, தாசில்தாரின் டவாலி “ராசம்மா!” என்று கூவிக்கொண்டிருந்தார். மேற்குப் பார்த்த வீடு. தாசில்தார் கண்ணில் வெயில். எதிர்ப்பக்கத்துப் புங்கமரத்தின் நிழலுக்குள் அம்மா நின்றாள். மர நிழலுக்குள் நின்றால் தன் நிழல் தனியாக விழாது. வாயை முந்தானையால் பொத்தி “இருக்கேங்க” என்றாள். எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

“பாத்தீங்களா? கூலிக்கு நட்டவ. குத்தகைன்னா வந்து நிக்க மாட்டாளா?” என்றார் தியாகேசன்.

“இன்னொரு தரம் கூப்பிடு. வரலேன்னா மனுவைத் தள்ளிடலாம்” என்றார் தாசில்தார்.

“போம்மா!” என்றேன்.

“வெயில் கொஞ்சம் இறங்கட்டும்டி.”

“வெயில் இறங்கறதுக்குள்ள நிலம் போயிடும்!”

அவள் அசையவில்லை. நான் நேரே போய்ப் படியருகில் நின்றேன். என் நிழல் படியேறித் தியாகேசன் மடியில் விழுந்தது.

“வாங்க பட்டதாரி. நிழலையெல்லாம் படம் புடிக்கிறியாமே, ஊரே சிரிக்குது.”

“சிரிக்கட்டும். உங்க வாசல்ல ஒண்ணு பாக்கி.”

“நீ யாரும்மா?” என்றார் தாசில்தார்.

“மனு கொடுத்தவங்க மக.”

“மக சொல்றது செல்லாது. அவங்க வரணும்.”

அதற்குள் அம்மா ஓடி வந்துவிட்டாள். விசாரணைக்கு இல்லை, என்னை இழுத்துப் போக. “அறியாப் புள்ளைங்க, மன்னிச்சிடுங்க” என்று என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“நீதான் ராசம்மாளா? சாகுபடி யாரு?”

அம்மா திகைத்தாள். “நாந்தாங்க. வருசா வருசம் காலையில இதே வாசல்ல நெல்லு அளக்கறேன்.”

“அளந்தா என்ன?” என்றார் தியாகேசன். “கூலிக்காரிதான்.”

அம்மாவின் பிடி இறுகியது. “கூலிக்காரி பண்ணைக்கு நெல்லு அளக்கற ஊரு எதுங்க ஐயா? நானும் அங்கயே போயிப் பொழைச்சுக்கறேன்.”

டவாலி சிரித்துவிட்டு இருமினார். தாசில்தார் சிரிக்கவில்லை. தியாகேசனைப் பார்த்தார். தியாகேசன் காப்பி டம்ளரைப் பார்த்தார். தாசில்தார் பேனாவைத் திறந்தார்.

“ரேகை வைம்மா.”

நான் இடது கையால் கேமராவைத் தூக்கினேன். வலது கை அம்மாவின் பிடியில் இருந்தது. அவள் விடவில்லை.

“கையப் புடிச்சுக்க,” என்றாள்.

கேமராவைத் தோளில் போட்டுக்கொண்டேன். அவள் படியேறிக் குனிந்தாள். அவளுடைய நிழல் தியாகேசனின் மடிமீதும் மார்மீதும் ஏறியது. அவள் அதைப் பார்க்கவில்லை. தன் பெயர் எந்த வரியில் இருக்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.