ஜெபத்தில் சொல்ல வேண்டிய தொகை

எண்பது வீடுகள் உள்ள கட்டடம். எழுபத்தொன்பது காலி. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப் போகிறார்கள். காலியான வீடுகளின் ஜன்னல்களைக் கழற்றி, கதவுகளில் சிவப்புச் சாயத்தால் பெருக்கல் குறி போட்டிருந்தார்கள். லிப்ட் ஓடி ஆறு மாதம் ஆகிறது. நான்காம் மாடியில் எங்கள் சபை மூப்பர் பியோ மட்டும் மனைவியோடு உட்கார்ந்திருந்தார், விலை ஏறட்டும் என்று.

எங்கள் சபையில் புது வருடத்தன்று ஒவ்வொரு குடும்பமும் தன் ஜெப விண்ணப்பத்தை அட்டையில் எழுதித் தரும். அந்தப் பகுதியின் அட்டைகளை வாங்கி வைப்பவன் நான். பியோ முதல் வருடம் வீட்டுக்கு அறுபது கோடி வோன் கேட்டு எழுதினார். இடித்துக் கட்டும் கட்டுமானச் சங்கம் அறுபது தர வந்தது; அவர் வாங்கவில்லை. அடுத்த வருடம் எண்பது என்று எழுதினார். அதுவும் வந்தது. இந்த வருடம் நூற்றுப்பத்து. எல்லோரும் சேர்ந்து வாய்விட்டு ஜெபித்தோம். இது என்ன ஜெபம் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

ஜனவரிக் கடைசி ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் சபை வேனை எடுத்துக்கொண்டு போனேன். நூற்றுப்பத்துக்கு ஒப்பந்தம் வந்துவிட்டது. கையெழுத்துக்குப் பதிலாக அவர் தன் முத்திரையைக் குத்தினால் போதும், இருவரையும் காங்நுங்கில் மகள் வீட்டில் விட்டுவிடலாம். தரையைச் சூடாக்கும் குழாய் டிசம்பரிலேயே உறைந்து வெடித்திருந்தது. அவர் மனைவி மால்சூன் அம்மாவின் நுரையீரல் இப்படியே இன்னொரு மாதம் தாங்காது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அந்த அம்மா கோட்டுப் போட்டு, பையும் கிம்ச்சி ஊறுகாய் டப்பாவுமாகத் தயாராக இருந்தார்.

"முத்திரை எங்கன்னாரு, எடுத்துக் குடுத்தேன். கண்ணாடி எங்கன்னாரு, குடுத்தேன். அடுத்து கை எங்கன்னு கேப்பாரு தம்பி."

பியோ சிரிக்கவில்லை. "மேல ஐநூத்திரெண்டாம் நம்பர் வீட்டுக்கு எவ்வளவு குடுத்தாங்க?"

"அவங்க போயி எட்டு மாசமாச்சு மூப்பரே. எழுபதோ என்னமோ."

"பொய். நல்ல அலமாரிய அப்படியே விட்டுட்டுப் போயிருக்கான். நெறைய வாங்குனவன்தான் அப்படிப் போவான்."

"தெனமும் மேல போறாரு," என்றார் மால்சூன். "ஒவ்வொரு வீட்டுலயும் போய் நிக்கறாரு. கூப்பிட்டா காதுல விழாது." பிறகு கணவரிடம் திரும்பினார். "ஏங்க, நூத்திப்பத்துன்னு நீங்கதான கேட்டீங்க?"

"நூத்திப்பத்து தர்றவன் நூத்திமுப்பதும் தருவான்."

மால்சூன் நெடுநேரம் இருமினார். வாயைத் துடைத்துக்கொண்டு பையைத் தூக்கினார். "சரி. அந்த நூத்திமுப்பதோட நீங்க குடித்தனம் பண்ணுங்க."

அந்த அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். கீழே போகப் போக, காலி வீடுகள் ஒவ்வொன்றிலும் யாரோ இருமுவதுபோல் கேட்டது. பியோ அசையவில்லை.

"ஒரு ஜெபம் பண்ணிட்டுப் போ தம்பி."

"எவ்வளவு கேக்கணும்?" கைகளைக் கூப்பிக்கொண்டு குத்தலாகத்தான் கேட்டேன்.

அவர் அதைக் கேள்வியாகவே எடுத்துக்கொண்டார். வாயைத் திறந்தார். நூற்றுமுப்பது என்பார் என்று நினைத்தேன். தலையை ஆட்டி அதை அவரே தள்ளினார். இன்னொன்று நாக்குவரை வந்தது. அதையும் விழுங்கினார். மூச்சு மட்டும் புகையாக வந்தது. இதுவரை கேட்டதெல்லாம் கிடைத்த மனிதர் அவர். எனக்குப் பயமாக இருந்தது.

"இரு, சொல்றேன்," என்றார்.

கூப்பிய கைகளைப் பிரித்துக்கொண்டு நான் படியிறங்கினேன்.